மலிவான பங்கு: கடனையும் பாருங்கள்

நலிந்த தொழில்களை மலிவாக வாங்கி, சீர்செய்து விற்று லாபம் பார்க்கும் சிறு முதலீட்டு நிறுவனங்கள் உண்டு. இவற்றின் பங்கு விஷயத்தில் முதலீட்டாளர்கள் இரண்டாகப் பிரிவார்கள். "100 ரூபாய் சொத்து 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது" என்பார் ஒருவர். "அந்த 100 ஏட்டுக் கணக்குதானே?" என்பார் மற்றவர்.

இரண்டாமவர் சொல்வதற்கும் சான்று உண்டு. 1962இல் வாரன் பஃபெட் அமெரிக்க ஜவுளி நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் பங்கை 7.50 டாலருக்கு வாங்கத் தொடங்கினார். ஏட்டில் அதன் மதிப்பு சுமார் 20 டாலர். ஆனாலும் ஜவுளித் தொழில் தேறவில்லை, 1985இல் மூடப்பட்டது. நிறுவனம் வளர்ந்தது வேறு தொழில்களால்தான்.

நாம் வட்டியையும் பார்க்க வேண்டும். தொழில் ஹலாலாக இருந்தாலும், வட்டிக் கடன் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது பஹ்ரைனிலுள்ள 'அயோஃபி' அமைப்பின் ஷரீஆ தரநிலை. 100 கோடி மதிப்பில் 25 கோடி கடன் என்றால் வரம்புக்குள்தான். பங்கு விழுந்து மதிப்பு 60 கோடியானால், அதே கடன் ஏறத்தாழ 42 சதவீதம்!

ஆக, மலிவு என்று தோன்றும் பங்கே வரம்பு மீறியதாக இருக்கலாம். வாங்குமுன் ஆண்டறிக்கையைப் பார்ப்போம். விவரம் அறிந்த ஆலிம்களிடம் கேட்போம். நம் பொருளாதாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!