உள்ளங்கை அளவு குரங்கும் மூளையின் வரைபடமும்

தலைவலி, வலிப்பு, பக்கவாதம் என்று போனால் டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். படம் வந்ததும் கட்டி இருக்கிறதா, ரத்தக் கசிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் மனச்சிதைவு நோயால் பல ஆண்டுகளாக அவதிப்படும் ஒருவரை அதே இயந்திரத்தில் படுக்க வைத்துப் படம் எடுத்தால், பெரும்பாலும் 'நார்மல்' என்றே ரிப்போர்ட் வரும். நோய் கண்ணெதிரே இருக்கிறது. படத்தில் மட்டும் இல்லை. ஏன்?

மருத்துவமனை எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுள்ளது. அந்தச் சிறு புள்ளிக்குள் பல்லாயிரம் நரம்பணுக்கள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான இணைப்புகளின் வழியே மற்றவற்றோடு பேசிக்கொள்கிறது. மனநோய்கள் பலவற்றில் கோளாறு இந்த இணைப்புகளில்தான் இருக்கிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். ஒரு வீட்டை வெளியிலிருந்து போட்டோ எடுத்தால் சுவருக்குள் ஓடும் வயரிங் தெரியாது. மூளையின் அந்த வயரிங்கை வரைந்து எடுக்கும் முயற்சியே 'மூளை வரைபடம்'. அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் உயிரினம், அரைக் கிலோ எடைகூட இல்லாத ஒரு சின்னஞ்சிறு குரங்கு.

ஏன் இந்தக் குரங்கு?

அதன் பெயர் மார்மோசெட். பிரேசில் நாட்டின் வடகிழக்குக் காடுகள் அதன் தாயகம். காதுகளில் வெண்ணிற முடிக்கொத்து, வரிவரியாக நீண்ட வால். உடல் நீளம் சுமார் 20 செ.மீ. எடை 300 முதல் 400 கிராம்.

எலியை விட்டுவிட்டு ஏன் இதற்கு வர வேண்டும்? எலியின் மூளை அரை கிராம்கூட இல்லை, அதில் சுமார் 7 கோடி நரம்பணுக்கள். மார்மோசெட்டின் மூளை 8 கிராம் அளவு, அதில் சுமார் 63 கோடி. மனித மூளை ஏறத்தாழ 1,350 கிராம், அதில் சுமார் 8,600 கோடி. எண்ணிக்கையில் மனிதனுக்கு அருகில்கூட இந்தக் குரங்கு வரவில்லை. ஆனால் அமைப்பில் வருகிறது. எலி பெரும்பாலும் மோப்பத்தாலும் மீசை முடியாலும் உலகை அறிகிறது. மார்மோசெட் நம்மைப் போலவே முன்னோக்கிய இரு கண்களால் பார்த்து அறிகிறது. திட்டமிடுவது, பொறுமையாக இருப்பது, ஆசையை அடக்குவது ஆகியவற்றுக்குரிய நெற்றிப்பகுதி மூளையும் அதற்கு நம்முடையதை ஒத்த அமைப்பில் இருக்கிறது. மனநோய்களில் முதலில் பழுதாகும் திறமைகளில் இவையும் உண்டு.

அதன் குடும்ப வாழ்க்கை இன்னொரு காரணம். அது பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளையே ஈனும். குட்டிகளைத் தாய் மட்டும் சுமப்பதில்லை. தந்தையும் மூத்த பிள்ளைகளும் மாறி மாறி முதுகில் சுமக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் உறவைக் கூப்பிட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, பிறகே மீண்டும் குரல் கொடுக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கும் இந்தப் பழக்கம் விலங்குகளில் எளிதில் காணக் கிடைப்பதல்ல. பிறரோடு பழகுவதில் சிரமப்படும் ஆட்டிசம் குழந்தைகளைப் புரிந்துகொள்ள நினைக்கும் ஆய்வாளர்களுக்கு இது முக்கியமாகப்படுகிறது.

மூன்றாவது காரணம் வேலை வசதி. மனித மூளையின் மேற்பரப்பு மடிப்பு மடிப்பாக இருப்பதால் அதன் பெரும்பகுதி மடிப்புகளுக்குள் மறைந்துகிடக்கிறது. மார்மோசெட்டின் மூளை ஏறக்குறைய வழவழப்பாக இருக்கிறது. மேலிருந்தே நுண்ணோக்கியால் நிறையப் பார்க்க முடிகிறது.

வரைபடம் எப்படி உருவாகிறது?

ஜப்பான் அரசு 2014இல் 'பிரெய்ன் மைண்ட்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. டோக்கியோவுக்கு அருகில் வாக்கோ நகரிலுள்ள ரிக்கென் ஆய்வு நிறுவனம் அதன் மையங்களில் ஒன்று. அங்கும் பிற நாட்டு ஆய்வகங்களிலும் மூன்று விதமான வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, எம்.ஆர்.ஐ. மருத்துவமனை இயந்திரங்களின் காந்த வலிமை பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா. இந்தக் குரங்குக்குப் பயன்படுத்துவது 9.4 டெஸ்லா. நரம்பிழைகளின் நீளவாக்கில் தண்ணீர் மூலக்கூறுகள் எளிதாக நகரும், குறுக்காக நகர்வது குறைவு. இந்த வேறுபாட்டை அளந்து, இழைகள் ஓடும் பாதையைக் கணினி ஊகிக்கிறது. ஊகம்தான், கண்ணால் கண்டது அல்ல. எந்த முனையிலிருந்து எந்த முனைக்குச் செய்தி போகிறது என்பதும் இதில் தெரியாது.

இரண்டாவது, தடம் காட்டும் பொருளைச் செலுத்துவது. மயக்க நிலையில் மூளையின் ஓர் இடத்தில் ஒளிரும் சாயத்தையோ, நோய் உண்டாக்காதபடி மாற்றப்பட்ட வைரஸையோ மிகச் சிறிதளவு செலுத்துகிறார்கள். அது நரம்பிழை வழியே மெல்ல ஊர்ந்து, அந்த இடத்தோடு தொடர்புள்ள நரம்பணுக்களை ஒளிரச் செய்கிறது. பிறகு அந்த விலங்கு வலியில்லாமல் கொல்லப்படுகிறது. மூளை, தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாக அறுக்கப்பட்டு, ஒவ்வொரு சீவலும் நுண்ணோக்கியில் படமாகிறது. அந்தப் படங்களைக் கணினி மீண்டும் அடுக்கி முழு மூளையாக்குகிறது. ஊகமாக இருந்த பாதை இங்கே உறுதியாகிறது.

மூன்றாவது, உயிரோடு இருக்கும்போதே மூளை வேலை செய்வதைப் பார்ப்பது. ஒரு நரம்பணு செய்தி அனுப்பும் நொடியில் அதற்குள் கால்சியம் பாய்கிறது. கால்சியம் பட்டதும் ஒளிரும் புரதத்தை நரம்பணுவுக்குள் வைத்துவிட்டால், எது எப்போது பேசுகிறது என்பது மின்மினி போலத் தெரியும். மண்டையோட்டில் சிறு கண்ணாடிச் சன்னல் பொருத்தி இதைப் பார்க்கிறார்கள்.

இவற்றோடு மரபணு வேலையும் சேர்ந்திருக்கிறது. எரிக்கா சசாகி, ஹிதேயுகி ஒகானோ ஆகியோரின் குழு 2009இல் ஒளிரும் புரதத்தின் மரபணுவை மார்மோசெட்டில் சேர்த்தது. அது அடுத்த தலைமுறைக் குட்டிக்கும் சென்றது. குரங்கினத்தில் அது முதல் வெற்றி. மனிதருக்கு மூளை நோய் தரும் மரபணு மாற்றங்களை இந்தக் குரங்கில் வைத்து ஆராயும் வழி அதன் பின்னர் அகலமாகத் திறந்தது.

இதற்குக் கொடுக்கும் விலை

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழுவினர் வெளியிட்ட மார்மோசெட் மூளை இணைப்பு வரைபடத்துக்கு 52 விலங்குகள் பயன்பட்டன. அவற்றில் 143 இடங்களில் தடம் காட்டும் பொருள் செலுத்தப்பட்டது. 52 என்பது எண் மட்டுமல்ல. தந்தையின் முதுகில் வளர்ந்த, கூப்பிட்டால் பதில் சொன்ன 52 உயிர்கள்.

இந்த இடத்தை வேகமாகக் கடந்து போக நமக்கு அனுமதியில்லை. ஒரு பயணத்தில் தோழர்கள் பறவைக் குஞ்சுகளை எடுத்துக்கொண்டபோது, தவித்துப் பறந்த தாய்ப்பறவைக்காக அவற்றைத் திருப்பி வைக்கச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு வேதனையைக் குறையுங்கள் என்று கற்பித்தவர்களும் அவர்களே. அதே நபி (ஸல்) அவர்கள்தான் நோய்க்கு மருந்து தேடவும் சொன்னார்கள். ஆகவே மார்க்கம் நம்மைக் கேட்க வைக்கும் கேள்விகள் இவை: தேவை உண்மையானதா? வேறு வழியில்லையா? வேதனை குறைக்கப்பட்டதா?

விஞ்ஞான உலகமும் இதே கேள்விகளை விதியாக வைத்திருக்கிறது. ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1959இல் எழுதிய நூலில் மூன்று நெறிகளை வகுத்தார்கள்: முடிந்தால் விலங்கைத் தவிர், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. மோனாஷ் குழுவினர் தங்கள் படங்கள் அனைத்தையும் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருப்பதன் பெரும் பயனும் இதில்தான் இருக்கிறது. ஏற்கெனவே வரைந்த பாதையை அறிய இன்னொரு நாட்டில் இன்னொரு குரங்கைக் கொல்ல வேண்டியதில்லை. பூட்டி வைத்த வரைபடம் அந்த உயிர்களை வீணாக்கிவிடும்.

மனித மூளையையே பார்க்கலாமே?

பார்க்கிறார்கள், அதுவும் சென்னையில். மார்மோசெட் வரைபடப் பணியில் ஜப்பானியரோடு உழைத்த அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்து விஞ்ஞானி பார்த்தா மித்ரா, சென்னை ஐ.ஐ.டி.யோடும் தொடர்புள்ளவர். அங்குள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், இறந்தவர்களின் மூளைகளை இதே போல் சீவிப் படமாக்குகிறது. கர்ப்பத்தின் நடு மாதங்களில் இருந்த, உயிரற்ற கருக்களின் மூளைகளிலிருந்து 5,132 சீவல்களைக் கொண்ட 'தரணி' என்ற தொகுப்பை 2024 டிசம்பரில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டது.

ஆனால் இறந்த மூளையில் சாயம் ஊர்ந்து போகாது, கால்சியம் மின்னாது. நரம்பணுக்களின் வடிவமும் இருப்பிடமும் தெரியும், அவை பேசுவது தெரியாது. உயிருள்ள விலங்கின் தேவை இன்னும் தீராததற்குக் காரணம் இதுவே.

நம் குடும்பங்களுக்கு இதில் என்ன?

நாளைக்கே மருந்து வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எலியில் பலித்த அல்சைமர் மருந்துகள் பல, மனிதரிடம் தோற்றிருக்கின்றன. குரங்கில் தெரிந்தது மனிதரிடமும் அப்படியே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சாலை வரைபடம் கையில் இருப்பதால் ஊர்ப் போக்குவரத்து புரிந்துவிடாது. ஆனால் வரைபடம் இல்லாமல் பழுது எங்கே என்று தேடவும் முடியாது.

ஒன்று மட்டும் இப்போதே நமக்குப் பயன்படும். மனச்சிதைவும் மறதி நோயும் ஆட்டிசமும் மூளை என்ற உறுப்போடு தொடர்புள்ள நிலைகள் என்பதில் விஞ்ஞானிகளுக்குச் சந்தேகமில்லை. நமக்கோ 2001 ஆகஸ்ட் 6 நினைவிருக்கிறது. ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. துஆ கேட்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் கை உடைந்தவரை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போகும் நாம், மனம் உடைந்தவரை மனநல டாக்டரிடம் கூட்டிப்போக வெட்கப்படக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத வயரிங்கில் விழுந்த பழுது அந்த நோயாளியின் குற்றமல்ல, அவரது குடும்பத்தின் அவமானமும் அல்ல.