சாரதியுடன் ஒரு திராட்சை நாட்டுப் பயணம்

பிரெஞ்சு தேசத்தின் தென்பகுதியில், மத்தியதரைக் கடலையொட்டி அமைந்துள்ளது லாங்குடாக் என்னும் வட்டாரம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை அங்கே திராட்சைக் கொடிகளே நிறைந்திருக்கும். அங்குச் செல்லும் பிரயாணிகள் ஒரு மோட்டாரையும் சாரதியையும் நாள் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, பண்ணை பண்ணையாகச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். மதுவைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. தம் விளைபொருளுக்கு நியாயமான விலை பெறுவதற்காக அங்குள்ள சிறு விவசாயிகள் பட்ட பாட்டை அறிவதே நம் நோக்கம். அதற்கு இப்பயணம் ஏற்ற வழியாகும்.

சாரதி எதற்கு?

பண்ணைகள் ஒன்றுக்கொன்று தொலைவில், குறுகிய கிளைப்பாதைகளில் அமைந்தவை. பஸ் வசதி அவ்விடங்களுக்குக் குறைவு. மேலும், ஒவ்வொரு பண்ணையிலும் பல வகை மதுவைச் சிறிதளவு ஊற்றிச் சுவைக்கத் தருவர். சுவைத்தபின் அதற்கென வைத்துள்ள பாத்திரத்தில் உமிழ்ந்துவிடுவதே முறை. அதை எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. ஆயினும் சிறிதளவேனும் உடலில் சேர்ந்தே தீரும். ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம் மதுசாரம் இருந்தாலே வண்டி ஓட்டுவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே சுவைப்பவர் ஒருவராகவும் ஓட்டுபவர் வேறொருவராகவும் இருத்தல் வேண்டும்.

வண்டி அமர்த்துவோர் சில விஷயங்களை முன்னதாகவே முடிவு செய்துகொள்வது நலம். சாரதி தொழில்முறை உரிமம் பெற்றவரா என்று கேட்க வேண்டும். மொத்த வாடகை, மணிக்கணக்கு, காத்திருப்புக் கூலி ஆகியவற்றை எழுத்தில் பெற வேண்டும். பண்ணைகளுக்கு முன்கூட்டியே தகவல் அனுப்ப வேண்டும். நண்பகல் உணவு வேளையில் பல இடங்கள் மூடியிருக்கும். செப்டம்பர் மாத அறுவடைக் காலத்தில் விருந்தினரிடம் பேச எவருக்கும் அவகாசம் இராது. ஒரு நாளைக்கு மூன்று இடங்கள் போதும்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. கிராமக் கூட்டுறவுக் கிடங்கையும் காண வேண்டும் என்று புறப்படும்போதே சாரதியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிடில், விருந்தினர் வழக்கமாக விரும்பும் மாளிகைப் பண்ணைகளோடு பயணம் முடிந்துவிடக்கூடும்.

மாளிகைகள் எழுந்த கதை

பெஸியே நகரைச் சுற்றிலும் அத்தகைய மாளிகைகள் பல உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதை வந்தபின், தென்னாட்டு மது மலிவாக வடக்கே சென்றது. அந்த வருமானத்தில் எழுந்தவையே இவை. ஆனால் 1860-களில் ஃபைலோக்செரா என்னும் நுண்பூச்சி வேர்களைத் தாக்கிக் கொடிகளை அழித்தது. அதன் தாக்குதலைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேரில் உள்நாட்டுக் கொடியை ஒட்டுக்கட்டிய பிறகே தோட்டங்கள் மீண்டன. இன்றும் பண்ணைக்காரரிடம் கேட்டால், தண்டின் அடியில் அந்த ஒட்டுக்கணுவைக் காட்டுவார்.

தோட்டங்கள் மீண்டன, விலை மீளவில்லை. விளைச்சல் மிகுந்தது. அல்ஜீரியாவிலிருந்தும் மது வந்து குவிந்தது. 1903-இல் சர்க்கரை வரி குறைக்கப்பட்டதும், சர்க்கரையைக் கலந்து மதுவைப் பெருக்குவது எளிதாயிற்று. பெரும் பண்ணைக்காரரிடம் கிடங்கும் பீப்பாயும் இருந்தன. விலை ஏறும்வரை அவர் காத்திருக்கலாம். சிறு விவசாயிக்கோ, வியாபாரி சொன்னதே விலை. நூலுக்கும் துணிக்கும் பிறர் விலை வைக்கக் கண்ட நம் நெசவாள அன்பர்களுக்கு இந்நிலை புதிதன்று.

மரோஸான் காட்டிய வழி

பெஸியேவிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் மரோஸான் கிராமம் வரும். 1901-ஆம் ஆண்டு இவ்வூர்ச் சிறு விவசாயிகள், எலீ கத்தலா என்பவரின் தலைமையில் ஒன்றுகூடி ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். வியாபாரியை நாடாமல், பாரிஸ் நகரத் தொழிலாளரின் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நேராகவே மது அனுப்பினர். உற்பத்தியாளர் சங்கமும் நுகர்வோர் சங்கமும் கைகோத்ததனால், இடைத்தரகின் இலாபம் இரு தரப்பாருக்கும் மிச்சமாயிற்று. 1905-இல் தமக்கெனப் பொதுக் கிடங்கையும் கட்டினர். புகழ்பெற்ற சோஷலிஸ்டுத் தலைவர் ழான் ழொரேஸ் அவ்வாண்டே இங்கு வந்து அவர்கள் முயற்சியைப் பாராட்டினார். அக்கட்டடம் இன்றும் நிற்கிறது.

கூட்டுறவுக் கிடங்கின் வேலைமுறை எளியது. அங்கத்தினர் பறித்த பழத்தைச் சங்கம் நிறுத்து, அதன் இனிப்பை அளந்து, கணக்கில் பதிவு செய்கிறது. எல்லாருடைய பழமும் பொதுத் தொட்டிகளில் மதுவாகிறது. விற்பனை நடக்க நடக்க, பணம் தவணைகளில் வந்து சேர்கிறது. நிலம் சிறிதாயினும் பெரிதாயினும் அங்கத்தினருக்கு ஒரே வாக்கு என்பதே அடிப்படை விதி.

நூறு பிராங்கின் பாடம்

அங்கிருந்து தென்மேற்கே சென்றால் ஆர்ஜெலியே கிராமம். 1907 மார்ச் 11-ஆம் நாள் இவ்வூரிலிருந்து 87 விவசாயிகள், மார்ஸலன் அல்பேர் என்பவரைப் பின்பற்றி, பாராளுமன்ற விசாரணைக் குழுவிடம் முறையிட நார்போன் நகருக்குச் சென்றனர். ஜூன் 9-ஆம் நாள் மோன்பெலியே நகரில் கூடிய கூட்டம் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டது. அரசு படையை அனுப்பியது; நார்போனில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மடிந்தன. அல்பேர் பாரிஸ் சென்று பிரதமர் கிளெமான்ஸோவைக் கண்டார். ஊர் திரும்ப ரயில் கட்டணத்திற்காக அவரிடம் 100 பிராங்கு வாங்கிக்கொண்டார். கிளெமான்ஸோ அச்செய்தியைப் பத்திரிகைகளுக்குத் தெரிவித்தார். அன்றோடு அல்பேரின் செல்வாக்கு சரிந்தது.

ஆயினும் போராட்டம் வீண்போகவில்லை. ஜூன் 29-ஆம் நாள் சட்டம் பிறந்தது: ஒவ்வொருவரும் தம் விளைச்சல் அளவை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும், மதுவில் சேர்க்கும் சர்க்கரைக்கும் வரி உண்டு. கலப்படத்திற்குக் கடிவாளம் விழுந்தது. பின்வந்த ஆண்டுகளில் கூட்டுறவுக் கிடங்குகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன.

அச்சங்கங்களுக்கு இன்றும் கவலை உண்டு. 1960-இல் அந்நாட்டில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் மது செலவாயிற்று. இன்று அதில் பாதியும் இல்லை. கொடிகள் பிடுங்கப்படுகின்றன, அண்டைச் சங்கங்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. முடிவு எதுவாயினும், அது அங்கத்தினர் வாக்கினால் எடுக்கப்படுவது.

மாலையில் சாரதி வண்டியைத் திருப்பும்போது, காலையில் கண்ட மாளிகைகளைவிட மரோஸான் கிடங்கே மனத்தில் நிற்கும். ஒரு மனிதரை நம்பிய எழுச்சி, நூறு பிராங்கில் தடுமாறியது. கணக்குப் புத்தகத்தையும் சம வாக்கையும் நம்பிய முயற்சியோ ஊர் ஊராகப் பரவியது. நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்திற்கு வராமல் வீட்டிலிருக்க எண்ணும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இதைச் சிந்திப்பாராக.