பழைய தொப்பி, குளவிக்கூடு, உப்புமா ரவை... துப்பாக்கித் தக்கையின் கதை!

1613-ம் ஆண்டு ஜூன் 29. லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் இருந்த குளோப் நாடக அரங்கில் நல்ல கூட்டம். ஷேக்ஸ்பியரின் குழு, எட்டாம் ஹென்றி மன்னரின் கதையை நடித்துக்கொண்டிருந்தது. மன்னர் மேடைக்கு வரும் காட்சியில், வரவேற்புக்காகப் பீரங்கியை வெடித்தார்கள். குண்டு கிடையாது, வெறும் மருந்துதான். ஆனால், மருந்து சிந்தாமலிருக்க அதன் வாயில் காகிதமோ வேறு எதையோ திணித்திருந்தார்கள். அது தீப்பிடித்தபடி பறந்துபோய் அரங்கின் கூரையில் விழுந்தது. கூரையோ வைக்கோல் வேய்ந்தது. முதலில் கிளம்பிய புகையைப் பார்வையாளர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருடைய கண்ணும் மேடையிலேயே இருந்தது. ஓரிரு மணி நேரத்தில் அரங்கமே சாம்பலாகிவிட்டது!

நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருடைய கால்சட்டையில் மட்டும் தீப்பற்றியது. கையிலிருந்த பீரை ஊற்றி அணைத்தார்களாம். அடுத்த ஆண்டு அரங்கை மறுபடி கட்டியபோது, புத்திசாலித்தனமாகக் கூரைக்கு ஓடு போட்டார்கள்.

அரங்கை எரித்த அந்தத் திணிப்புப் பொருளுக்குத் தமிழில் ‘தக்கை’ என்று பெயர். பாட்டில் வாயை அடைக்கும் அதே தக்கைதான். துப்பாக்கியின் வரலாற்றை எழுதுபவர்கள் குண்டைப் பற்றி எழுதுவார்கள், மருந்தைப் பற்றி எழுதுவார்கள். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் இந்தச் சின்ன அடைப்பானை அநேகமாக யாரும் கண்டுகொள்வதில்லை. சுட்ட பிறகு அது எங்கே போகிறது என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு.

தக்கை என்ன செய்கிறது?

வேட்டைத் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டுக்குப் பதிலாக, கடுகு, மிளகு அளவுகளில் நிறைய சிறு குண்டுகள் போடுவார்கள். மருந்து எரியும்போது உண்டாகும் வாயு இந்தக் குண்டுகளை முன்னால் தள்ள வேண்டும். நடுவில் தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சல்லடையில் ஊற்றிய தண்ணீர்போல வாயு குண்டுகளின் இடுக்கு வழியாகப் புகுந்து போய்விடும். குண்டுகளுக்கு வேகமும் இருக்காது, திசையும் இருக்காது. அதனால்தான் மருந்துக்கு மேல் குழாயை இறுக்கி அடைக்கும் ஒரு வட்டத் துண்டு. அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள அதற்கு மேல் மெத்தென்ற ஒரு துண்டு. குண்டுகள் கொட்டிவிடாமலிருக்க அவற்றின் மேல் மெல்லிய அட்டை. மூன்றுமே தக்கைதான்.

12 போர் துப்பாக்கி என்பார்களே, அதன் குழாயின் உள் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அந்தக் குழாய்க்குள் சரியாகப் பொருந்தும் குண்டுகளை ஈயத்தில் வார்த்தால், ஒரு பவுண்டு ஈயத்துக்கு 12 குண்டுகள் கிடைக்கும். 12 என்ற எண் அப்படி வந்ததுதான். தக்கையை அந்த விட்டத்துக்குப் பொருத்தமாக, கொஞ்சம் இறுக்கமாகவே வெட்ட வேண்டும். தளர்வாக இருந்தால் வாயு கசிந்துவிடும்.

தொப்பியில் இருந்து தோட்டாவுக்கு!

கடையில் தக்கை வாங்குவது பின்னால் வந்த பழக்கம். அதற்கு முன்பு, வீட்டில் எது கிடைத்ததோ அதுதான் தக்கை. சணல் நார், பழைய துணி, காய்ந்த பாசி, இலை, கிழிந்த காகிதம். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கிகளில் தேங்காய் நார். கருமருந்தைப் போட்டு, நாரைச் சுருட்டி வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டித்து, அதன் மேல் குண்டுகளைப் போட்டு, மறுபடியும் நாரை வைத்து இடிப்பார்கள். தென்னை விளையும் ஊரில் இதற்காகக் காசு செலவழிக்க யாருக்குத் தோன்றும்?

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதற்குக் கொஞ்சம் நாகரிகம் வந்தது. பணக்காரர்கள் வாங்கும் துப்பாக்கிப் பெட்டிக்குள், வட்டமான விளிம்பு கொண்ட எஃகு உளி ஒன்றும் இருக்கும். அட்டையையோ தோலையோ மரக்கட்டையின் மேல் வைத்து, உளியை நிறுத்தி, சுத்தியலால் ஓர் அடி. கச்சிதமான வட்டத் தக்கை தயார். இதற்கு மிகவும் தோதானது ஃபெல்ட். கம்பளி ரோமத்தை அழுத்திச் செய்யும் இந்தத் துணி மெத்தென்று இருக்கும், அமுங்கினாலும் நிமிர்ந்துகொள்ளும், லேசில் எரியாது. அந்தக் காலத்து ஆண்களின் தொப்பிகள் ஃபெல்ட்டில் செய்தவை. வீட்டுக்காரர் புதுத் தொப்பி வாங்கினால், பழைய தொப்பி உளியின் அடிக்குப் போய்விடும். ஃபெல்ட்டைத் தேன்மெழுகிலும் கொழுப்பிலும் ஊறவைத்துப் பயன்படுத்தியவர்களும் உண்டு. கருமருந்து எரிந்ததும் குழாயில் படியும் கரியை அந்தப் பசை இளக்கிவிடும். அடுத்த முறை துப்பாக்கியைக் கெட்டிப்பது சுலபம்.

அமெரிக்கக் காட்டுப் பகுதிகளில் குடியேறியவர்களுக்குத் தொப்பிக்கு வழியேது? அவர்கள் கண்ணில் பட்டது குளவிக்கூடு. அங்குள்ள ஒரு வகைக் குளவி மரத்தைச் சுரண்டி, எச்சிலில் குழைத்து, காகிதம் போன்ற கூட்டைக் கட்டும். குளிர்காலத்தில் கூடு காலியாகிவிடும். அதைப் பிய்த்துச் சுருட்டினால் அருமையான தக்கை! மெல்லியது, அதேசமயம் சுலபத்தில் தீப்பற்றாது. காய்ந்த புல்வெளியில் சுடுபவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று குளோப் அரங்கின் உரிமையாளர்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள். பழைய பாணித் துப்பாக்கிகளில் ஆர்வம் உள்ளவர்கள் இன்றும் குளவிக்கூடுகளைச் சேகரித்து வைக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி தமிழர்களுக்கு மட்டுமே சிரிப்பு வரவழைக்கும். கருமருந்துத் தோட்டாக்களில் மிச்சமாகும் இடத்தை நிரப்ப, அமெரிக்கர்கள் ‘கிரீம் ஆஃப் வீட்’ என்ற காலை உணவுத் தானியத்தைப் போடுவது உண்டு. அது வேறொன்றும் இல்லை, நம் உப்புமா ரவைதான். தமிழில் துப்பாக்கியின் சிறு குண்டுக்கும் ரவை என்று பெயர் இருக்கிறது. ரவைக்கு அடியில் ரவை!

பாட்டுப் புத்தகம் கொடுத்த பாதிரியார்

தக்கைக் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்தால், அகப்பட்ட காகிதமெல்லாம் குழாய்க்குள் போகும். அமெரிக்க சுதந்திரப் போரின்போது, 1780-ம் ஆண்டு ஜூன் 23 அன்று நியூ ஜெர்சியின் ஸ்பிரிங்ஃபீல்டில் சண்டை. அமெரிக்க வீரர்களிடம் மருந்து இருக்கிறது, குண்டு இருக்கிறது, தக்கைக்குக் காகிதம் இல்லை. ஜேம்ஸ் கால்ட்வெல் என்ற பாதிரியார் பக்கத்துத் தேவாலயத்துக்கு ஓடி, கை நிறைய பாட்டுப் புத்தகங்களை அள்ளி வந்து வீரர்களிடம் வீசினாராம். ஐசக் வாட்ஸ் என்பவர் எழுதிய பக்திப் பாடல்கள் கொண்ட புத்தகங்கள் அவை. வாட்ஸை அவர்களுக்குக் கொடுங்கள் என்று அவர் கத்தியதாக இன்றும் அந்த ஊரில் சொல்கிறார்கள்.

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால், அதற்கு 16 நாள்கள் முன்பு, ஜூன் 7-ம் தேதி, பிரிட்டிஷ் படை ஊருக்குள் வந்தபோது கால்ட்வெல்லின் மனைவி ஹன்னா வீட்டுக்குள்ளேயே சுடப்பட்டு இறந்திருந்தார். பாட்டுப் புத்தகத்தைக் கிழிக்கக் கொடுத்த மனிதரின் மனநிலையை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் எட்வர்ட் கல்ஷா என்பவரைக் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சடலத்தைப் பரிசோதித்தபோது, தலைக் காயத்துக்குள் கசங்கிய காகித உருண்டை ஒன்று கிடைத்தது. கைத்துப்பாக்கியில் அடைத்திருந்த தக்கை. பிரித்துப் பார்த்தால், அச்சடித்த தாளிலிருந்து கிழித்த துண்டு. சந்தேகத்தில் பிடிபட்ட ஜான் டாம்ஸ் என்ற இளைஞரின் சட்டைப்பையில் அந்தத் தாளின் மீதி இருந்தது. இரண்டு கிழிசலும் அப்படியே பொருந்தின. 1784-ல் லங்காஸ்டரில் நடந்த விசாரணையில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. தடயவியல் வரலாற்றைச் சொல்லும் புத்தகங்கள் இந்த வழக்கைத் தவறாமல் குறிப்பிடுகின்றன. கைரேகை என்ற சொல்லே காவல் நிலையத்தில் புழங்காத காலம் அது.

குண்டே இல்லாத துப்பாக்கி

‘குண்டு இல்லை, தக்கை மட்டும்தான்’ என்ற நினைப்பு குளோப் அரங்கோடு தொலைந்திருக்க வேண்டும். தொலையவில்லை.

1984-ம் ஆண்டு அக்டோபர் 12. ஜான்-எரிக் ஹெக்சம் என்ற 26 வயது அமெரிக்க நடிகர், ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் இருந்தார். இடைவெளி நேரம். காட்சிக்காகக் கொடுத்திருந்த துப்பாக்கியில் இருந்தவை வெற்றுத் தோட்டாக்கள். மருந்தும் அதை மூடும் தக்கையும் உண்டு, குண்டு கிடையாது. விளையாட்டாகத் தன் தலையோரம் வைத்து விசையை அழுத்திவிட்டார். மிக அருகிலிருந்து வெளிப்பட்ட வாயுவும் தக்கையும் மண்டை ஓட்டை உடைத்து, எலும்புத் துண்டை மூளைக்குள் செலுத்திவிட்டன. ஆறு நாள்களில் மூளைச்சாவு. அவருடைய உறுப்புகள் தானமாக வழங்கப்பட்டன. ‘டம்மிதானே’ என்று சிரித்துக்கொண்டே துப்பாக்கியை நீட்டி செல்ஃபி எடுப்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

வாத்துக்கு வந்த நன்மை, கடலுக்கு வந்த தொல்லை

1960-களில் பிளாஸ்டிக் தக்கை வந்தது. வாயுவை அடைப்பது, அதிர்ச்சியைத் தாங்குவது, குண்டுகளைக் கிண்ணம்போலப் பொத்தி வைப்பது என்று எல்லா வேலையும் ஒரே துண்டில் முடிந்துவிட்டது. சுடும்போது நான்கு இதழ் விரித்து, குண்டுகளை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரத்தில் கீழே விழும். காலித் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்பும் பழக்கமுள்ள அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் உளியையும் தொப்பியையும் ஓரம்கட்டிவிட்டார்கள்.

தொப்பித் துண்டு மண்ணோடு மக்கிவிடும். பிளாஸ்டிக்? மழைநீரோடு ஆற்றுக்கும், ஆற்றோடு கடலுக்கும் போய், கரையில் பூ மாதிரி ஒதுங்குகிறது. கடற்கரையைச் சுத்தம் செய்பவர்கள் பலருக்கு அது என்ன பொருள் என்றே புரிவதில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஈயக் குண்டுகள் சதுப்பு நிலத்தில் விழும்போது, வாத்துகள் அவற்றை விதை என்றோ கல் என்றோ நினைத்து விழுங்கி விஷமேறிச் செத்தன. அதனால், 1991-ம் ஆண்டு முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் தடை செய்யப்பட்டது. மாற்றாக வந்தது எஃகுக் குண்டு. எஃகு கடினமானது, குழாயின் உட்புறத்தைக் கீறிவிடும். அதைத் தடுக்கத் தடிமனான பிளாஸ்டிக் கிண்ணம் தேவைப்பட்டது. வாத்தைக் காப்பாற்றப்போய், பிளாஸ்டிக்கை விட முடியாமல் போயிற்று!

கருமருந்து ஆர்வலர்கள் மட்டும் பிளாஸ்டிக்கை அவ்வளவாக விரும்புவதில்லை. அது குழாய்க்குள் உருகிக் கோடு கோடாக ஒட்டிக்கொள்கிறது. அவர்களுடைய மேசையில் இன்றைக்கும் ஃபெல்ட், கார்க், காலை உணவுப் பெட்டியின் அட்டை எல்லாம் கிடக்கும். நவீன மருந்தில் இந்த விளையாட்டு கூடாது. தக்கையை மாற்றினால் குழாய்க்குள் அழுத்தம் எகிறும், துப்பாக்கியே வெடித்துவிடலாம். எந்தக் கூட்டுக்கு எந்த மருந்து, எந்தத் தக்கை என்று சோதித்து அச்சிட்ட அட்டவணையை மீறக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத கட்டளை. இந்தியாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது சிறைக்கு அனுப்பும் குற்றம்.

2020 பிப்ரவரியில், பிரிட்டனின் ஒன்பது வேட்டை மற்றும் கிராமப்புற அமைப்புகள், ஈயக் குண்டையும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கையும் ஐந்து ஆண்டுகளில் கைவிடுவோம் என்று கூட்டாக அறிவித்தன. ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஈயம் இன்னும் ஒழியவில்லை. ஆனால், எஃகுக் குண்டைத் தாங்கும் காகிதத் தக்கை, தாவர நார்த் தக்கை, தண்ணீரில் கரையும் தக்கை எல்லாம் இப்போது கடைக்கு வந்துவிட்டன.

பிரிட்டனில் நில உரிமையாளர்கள் பலர் வேட்டைக்கு அனுமதி தரும்போதே ஒரு நிபந்தனை போட்டுவிடுகிறார்கள். நார்த் தக்கை இருந்தால் மட்டும் வாருங்கள், பிளாஸ்டிக் என்றால் அப்படியே திரும்பிப் போய்விடுங்கள். மேய்ச்சல் நிலத்தில் கிடக்கும் பிளாஸ்டிக்கை ஆடும் மாடும் புல்லோடு சேர்த்து மேய்ந்துவிடுமே என்பதுதான் அவர்கள் கவலை.