சரளி வரிசையும் கேதீச்சரப் பதிகங்களும்

இசை பயிலத் தொடங்கும் மாணவர் முதலாண்டிலேயே கேட்கும் வினா ஒன்றுண்டு. “பாட்டு எப்போது சொல்லித் தருவீர்கள்?” என்பதே அது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்பன பாட்டின் வாயிலை மறித்து நிற்கும் தடைகள் என்றே அவர்களுட் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பொருந்துமா என்று ஆராய மன்னார் நாட்டார் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. மாதோட்டத்திலே பாலாவிக் கரையில் விளங்கும் திருக்கேதீச்சரமே அதற்குத் தக்க சான்றாகும்.

முதலில் அடிப்படைப் பாடத்தின் இயல்பை நோக்குவோம். சரளி வரிசையை மாயாமாளவகௌளை இராகத்திற் பயிற்றும் முறையைப் புரந்தரதாசர் (1484–1564) வகுத்தார் என்பது மரபு. பதினைந்தாவது மேளமாகிய இவ்விராகம் தொடக்கப் பாடத்திற்கு ஏற்றதாதற்குக் காரணமுண்டு. ஆர்மோனியக் கட்டைகளில் எண்ணிப் பார்ப்பின், சட்சத்திலிருந்து ரிஷபம் ஒரு கட்டை. அதிலிருந்து காந்தாரம் மூன்று கட்டை. அதிலிருந்து மத்திமம் ஒரு கட்டை. பஞ்சமம் முதல் மேற்சட்சம் வரையும் ஒன்று, மூன்று, ஒன்று என்னும் அதே அளவு மீண்டும் வருகின்றது. முற்பாதியிற் செவி கற்றதைப் பிற்பாதியில் தானே சரிபார்த்துக்கொள்கின்றது. நெருங்கிய இடைவெளியும் அகன்ற இடைவெளியும் அடுத்தடுத்து நிற்றலின், சுருதி பிசகினால் உடனே புலப்படும்.

இனிக் கேதீச்சரத்திற்கு வருவோம். இத்தலத்திற்குத் தேவாரப் பதிகங்கள் இரண்டு உள. திருஞானசம்பந்தர் பதிகம் இரண்டாந் திருமுறையில் நட்டராகப் பண்ணிலும், சுந்தரர் பதிகம் ஏழாந் திருமுறையில் நட்டபாடைப் பண்ணிலும் அமைந்துள்ளன. இன்றைய ஓதுவார் மரபிலே நட்டராகம் பந்துவராளியாகவும், நட்டபாடை கம்பீரநாட்டையாகவும் பாடப்படுகின்றன.

ஈண்டு ஒரு சிறப்பு உய்த்துணரற்பாலது. மாயாமாளவகௌளையின் சுத்த மத்திமத்தை ஒரு கட்டை உயர்த்திப் பிரதி மத்திமமாக்குக. ஏனைய சுரங்களை அவ்வாறே விடுக. கிடைப்பது ஐம்பத்தோராவது மேளமாகிய பந்துவராளி. சம்பந்தர் பதிகத்திற்குரிய சுர வரிசை. மீண்டும் மாயாமாளவகௌளையையே எடுத்து, ரிஷப தைவதங்களை நீக்குக. எஞ்சும் ச, க, ம, ப, நி என்னும் ஐந்தும் கம்பீரநாட்டையின் சுரங்கள், சுந்தரர் பதிகத்திற்குரியவை. கம்பீரநாட்டை இலக்கண முறையில் வேறொரு மேளத்தின் சேயாகக் கொள்ளப்படினும், சுரத்தானங்கள் இவையே. ஆகவே சரளி வரிசையைச் செம்மையாகப் பாட அறிந்த மாணவன், கேதீச்சரப் பதிகங்கள் இரண்டின் வாயிலிலும் ஏற்கெனவே நிற்கின்றான்.

இவ்வுண்மை நம் இசைக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்க நீக்ரோ மக்களிடையே தோன்றிய ஜாஸ் இசையிலே பியானோ பயில்வோரும் சுர வரிசைகளிலேதான் தொடங்குகின்றனர். ஒவ்வொரு வரிசையையும் பன்னிரு கட்டைகளிலும் ஆதாரம் மாற்றி வாசிப்பது அவர்தம் நாட்பயிற்சி. நமது சங்கராபரணத்தை ஒத்த வரிசையில் நான்காஞ் சுரத்தை உயர்த்திக் கல்யாணியை ஒத்ததைப் பெறுகின்றனர்; நான்காவதையும் ஏழாவதையும் விடுத்து மோகனத்தை ஒத்ததைப் பெறுகின்றனர். மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட ‘கைண்ட் ஒவ் புளூ’ என்னும் இசைத்தட்டில் ‘சோ வட்’ என்றோர் உருப்படி உண்டு. கரகரப்பிரியாவின் சுரங்களை ஒத்த ஒரே வரிசை, இடையில் அரைச்சுரம் உயர்ந்து மீள்வதொன்றே அதன் அடித்தளம். அதன்மேற் பில் எவன்ஸ் முதலியோர் கற்பனையாய் வாசித்தனர். வரிசை கைவசமானவனுக்கே கற்பனை பணி செய்யும் என்பதை நம் மனோதர்ம சங்கீதமும் அவ்விசையும் ஒருங்கே காட்டுகின்றன.

எனினும், பலமுறை ஒப்புவித்தல் மாத்திரம் பயிற்சியாகாது. கிளிப்பிள்ளை போற் சொல்லும் சரளி வரிசை நாவுக்குப் பயிற்சியே அன்றிச் செவிக்குப் பயிற்சியன்று. முதலிற் சுருதியோடு முதற் காலத்திற் சுரம் ஒவ்வொன்றையும் நிறுத்திப் பாடுதல் வேண்டும். அது நிலைத்தபின்னரே இரண்டாங் காலமும் மூன்றாங் காலமும் வருதல் தகும். பின்னர் அதனையே அகாரத்திற் பாடுதல் நன்று. சுரப்பெயரின் துணை நீங்கியும் சுரத்தானம் தவறாது நிற்கின்றதா என்பது அப்போது விளங்கும். இறுதியாக, மத்திமத்தை மாற்றியும் இரு சுரங்களை நீக்கியும் பாடச்செய்து, பிறந்த இராகத்திற் பதிகத்தின் முதலடியை ஆசிரியர் தொடுத்துக் காட்டுவாராயின், “பாட்டு எப்போது?” என்னும் வினாவுக்கு அதுவே விடையாகும். இராகத்திற்குரிய பிடிப்பும் கமகமும் ஆசிரியர் வாயிலாகக் கேட்டே பெறவேண்டியவை. ஆயினும் அவை தங்குதற்கு நிலம் சரளி வரிசையே.

திருக்கேதீச்சரக் கோயில் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது. அதனை மீள எடுப்பிக்குமாறு ஆறுமுகநாவலர் 1872இல் வேண்டுகோள் விடுத்தார். கல்லாலாய கோயில் மறைந்திருந்த காலத்தும் பதிகங்கள் மறைந்தில. ஓலையும் ஏடும் சொல்லைக் காத்தன. பண்ணைக் காத்தவை மிடறுகளே. ஓலையைப் பிரதி செய்வோன் ஓரெழுத்துப் பிழைத்தால் மற்றோர் ஏட்டை ஒப்பிட்டுத் திருத்தலாம். மிடற்றிற் பிழைத்த சுரத்தைத் திருத்துதற்கு மற்றொரு செம்மையான மிடறே வேண்டும். அத்தகைய மிடறு முதலாண்டின் முதற் பாடத்திலே உருவாகின்றது. ஆதலின் சரளி வரிசையை விரைந்து கடந்துவிட விழையும் மாணவன், தான் கடந்து செல்வது இன்னதென அறிந்து அமைவானாக.