நீண்ட சொல்லுக்கு இரண்டே மேடு

சுவீடன் நாட்டுக் கடையில் ஒரு பொட்டலத்தின் மேல் 'ஷிக்லிங்லேவெர்' என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது கோழி ஈரல். அதையே 'ஷிக்லிங் லேவெர்' என்று இடைவெளி விட்டு எழுதினால் பொருள் மாறிவிடும்: 'கோழி உயிரோடு இருக்கிறது!' சுவீடிஷ் மொழியில் 'லேவெர்' என்பதற்கு ஈரல், உயிர்வாழ்கிறது என இரு பொருள்கள் உண்டு. இப்படிப் பிரித்து எழுதும் பிழைக்கு அந்நாட்டவர் 'ஸேர்ஸ்க்ரீவ்னிங்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

எழுத்தில் இடைவெளி உதவுகிறது. பேச்சில்? அங்கே உதவுவது அழுத்தமும் சுருதியும்.

நாம் விளையாடும் காற்பந்தையே எடுத்துக்கொள்வோம். சுவீடிஷ் மொழியில் அது 'ஃபூத்பொல்'. 'ஃபூத்' என்றால் கால். 'பொல்' என்றால் பந்து. நம் சொல்லைப் போலவே அமைந்த கூட்டுச்சொல். இதில் இரண்டு அசைகள். முதல் அசையில் முதன்மை அழுத்தம். இரண்டாவதில் துணை அழுத்தம். ஸ்டாக்ஹோம் வட்டாரப் பேச்சில் இவ்விரண்டு இடங்களிலும் குரல் மேடேறி இறங்கும். குரல்நாண்களின் அதிர்வெண் கூடினால் சுருதி உயரும் என்று ஒலிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதுதான் இங்கே நடக்கிறது.

இப்போது திடலைக் குறிக்கும் 'ப்லான்' என்ற சொல்லைச் சேர்ப்போம். 'ஃபூத்பொல்ஸ்ப்லான்', அதாவது காற்பந்துத் திடல். மூன்று அசைகள். ஆனால் மேடு மூன்றல்ல. 'பொல்' தன் மேட்டை இழக்கிறது. அது 'ப்லான்' மீது போய் அமர்கிறது. தேசியக் குழுவைக் குறிக்கும் 'லான்ட்ஸ்லாக்' சேர்ந்தால் 'ஃபூத்பொல்ஸ்லான்ட்ஸ்லாக்'. நான்கு அசைகள், அப்போதும் 'ஃபூத்' மீது ஒன்று, 'லாக்' மீது ஒன்று என இரண்டே மேடுகள்.

சொல் எவ்வளவு நீண்டாலும் முதல் உறுப்பில் ஒரு மேடு, கடைசி உறுப்பில் ஒரு மேடு. இரண்டாவது மேடு கேட்டதும், சொல்லின் கடைசி உறுப்பு வந்துவிட்டது என்று காது அறிந்துகொள்கிறது. 'ஷிக்லிங் லேவெர்' என்று இரு சொற்களாகச் சொன்னாலோ 'லேவெர்' தனக்கென ஒரு முதன்மை அழுத்தத்தைப் பெறும். அதனால் கோழிக்கும் ஈரலுக்கும் குழப்பமில்லை.

இடையில் வந்த 'ஸ்' எதற்கு? பந்துத் திடல் என்று மட்டும் சொன்னால் 'பொல்ப்லான்'; 'ஸ்' இல்லை. முன்பகுதியே ஒரு கூட்டுச்சொல்லாக இருக்கும்போதுதான் பெரும்பாலும் 'ஸ்' தோன்றும். 'ஃபூத்பொல்' ஒரு கட்டு, 'ப்லான்' மற்றொன்று என்று அது எல்லை காட்டுகிறது.

மாணவர்களே, இதோ உங்களுக்கு ஒரு சொல்: 'ஸொம்மர்லோவ்ஸ்மொர்ரொன்'. 'ஸொம்மர்' கோடைக்காலம், 'லோவ்' விடுமுறை, 'மொர்ரொன்' காலை. கோடை விடுமுறைக் காலைப்பொழுது! மேசையில் தட்டியபடி ஐந்து அசைகளையும் சொல்லிப் பாருங்கள். குரல் எங்கே உயர வேண்டும்? 'ஸ்' ஏன் அந்த இடத்தில் நிற்கிறது?

விடை: 'ஸொம்', 'மொர்' ஆகிய அசைகளில் குரல் உயரும். 'கோடை விடுமுறை' என்ற கட்டு முடியும் இடம் என்பதால் 'ஸ்' அங்கே நிற்கிறது.