துயிலுக்கு முன் ஒரு திருமணப் பாட்டு

நோட்டன் பிரிட்ஜ் என்றதும் பலருக்கு அணைக்கட்டும் விமலசுரேந்திர மின்நிலையமும் நினைவுக்கு வரும். கினிகத்தேனை வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போகும் யாத்திரிகர்களுக்கு அது இடையில் வரும் ஒரு குளிரூர். எனக்கோ அந்தப் பெயரைக் கேட்டால் ஓர் இரவுச் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது.

1974 டிசம்பர் 4. இரவு பத்து மணி கடந்திருந்தது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு ஜித்தாவுக்குப் புறப்பட்ட விமானம் வழியில் கட்டுநாயக்காவில் இறங்கவேண்டியது. இறங்கவில்லை. எங்கள் ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. உள்ளே இருந்த 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. லயத்துக் காம்பிராவில் அப்பாயியின் கம்பளிக்குள் படுத்திருந்தேன். கூரைத் தகரம் அதிர்ந்தது. மறுநாள் மலையேறிப் போய்வந்த ஆட்கள் தாம் கண்டதை இஸ்தோப்பில் உட்கார்ந்து சொன்னார்கள். பிள்ளைகள் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டார்கள் போலும். அன்றிலிருந்து எனக்கு ஒரே கனவு. மூடுபனிக்குள் விமானம் வருகிறது. முன்னால் மலை இருப்பது எனக்குத் தெரிகிறது, அதற்குத் தெரியவில்லை. கத்துகிறேன், குரல் எழவில்லை.

அப்பாயிக்குத் தெரிந்த வைத்தியம் திருநீறும் கந்தசஷ்டி கவசமும். எழுத்து அறியாதவர். ஆனால் தேவராய சுவாமிகளின் அந்தப் பாடல் முழுவதும் அவருக்கு மனப்பாடம். அங்கம் அங்கமாகப் பெயர் சொல்லி வேலைக் காவலுக்கு நிறுத்தும் பாடல் அது. சொல்லச் சொல்ல என் உடம்பும் அங்கம் அங்கமாகத் தளர்ந்து உறங்கிவிடும். கவசம் பயத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தியது உண்மை. ஆனால் வெளியே அது நின்றுகொண்டுதான் இருந்தது. அப்பாயி போனபின் உள்ளே வந்துவிட்டது. 1983 ஜூலையில் லயத்தை விட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் படுத்த இரவுகளுக்குப் பிறகு, கனவில் விமானத்தோடு வேறு தீயும் சேர்ந்துகொண்டது.

சீக்கியர் என்றால் நம் வாசகர்களுக்குப் பாரதியின் 'குரு கோவிந்தர்' நினைவுக்கு வரும். 1699இல் குரு கோவிந்த சிங் கால்சாவை அமைத்த கதை. அது வாளேந்திய அஞ்சாமை. படுக்கையில் வேண்டிய அஞ்சாமை வேறு. அதைப் பற்றி நான் அறிந்துகொண்டது 1996இல், சென்னையில்.

ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போன சித்தப்பாவைப் பார்க்கச் சென்றிருந்தேன். என் அலறலில் அவர் வீடே விழித்துக்கொண்டது. மறுநாள், தமக்குப் பழக்கமான ஒரு சர்தார்ஜியிடம் அழைத்துப் போனார். மோட்டார் உதிரிப்பாக வியாபாரி. தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலைக் குருத்துவாராவில் சந்தித்தோம். அவர் பேசியது நல்ல மெட்ராஸ் தமிழ்.

"1947ல எனக்கு ஒன்பது வயசு தம்பி. லயால்பூர்ல இருந்து வந்தோம். வழியில பார்த்ததை இன்னிக்கும் யார்கிட்டயும் சொல்றதில்லை. ராத்திரி ஆனா அலறுவேன். அம்மா தாயத்து எதுவும் கட்டலை. கைகால் கழுவி, தலையை மூடி உட்கார்ந்து, கூடவே சோஹிலா சொல்லச் சொன்னாங்க."

கீர்த்தன் சோஹிலா என்பது சீக்கியர் உறங்கும் முன் ஓதும் ஐந்து பாடல்கள். மூன்று குரு நானக் பாடியவை. மற்ற இரண்டும் குரு ராம்தாஸ், குரு அர்ஜன் பாடியவை. ஓதி முடிக்கச் சில நிமிடங்களே பிடிக்கும். குருத்துவாராவில் இரவு குரு கிரந்த் சாகிபை மூடிப் பள்ளியறைக்கு எடுத்துச் செல்லும்போதும் இதையே ஓதுகிறார்கள். நூலும் துயில்கொள்ளப் போகிறது! வானத்தையே ஆராத்தித் தட்டாகக் காணும் புகழ்பெற்ற பாடல் இதில்தான் இருக்கிறது. ஆனால் என்னை உலுக்கியது முதற்பாடல். நாள் குறிக்கப்பட்ட மணப்பெண்ணாக உயிரையும், புகுந்த வீட்டுக்குப் போகும் பயணமாக மரணத்தையும் அது பாடுகிறது. வாசற்படியில் எண்ணெய் வார்க்கும் மணச் சடங்குகூட அதில் உண்டு.

"சுடுகாட்டிலயும் இதைத்தான் ஓதுவோம்" என்றார் பெரியவர், சாதாரணமாக.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயந்த பிள்ளையைச் சாவுப் பாட்டுப் பாடியா உறங்கவைப்பது? யோசிக்க யோசிக்கத்தான் விளங்கியது. கவசம் பயத்தைத் தடுக்கிறது. சோஹிலா பயத்தின் வேரான மரணத்தையே வீட்டுக்குள் அழைத்து, தினமும் அதே நேரத்தில், தாயின் குரலோடு சேர்த்து, பழக்கமான விருந்தாளியாக்கிவிடுகிறது. பயம் வந்தபின் தேடும் மருந்தாக இல்லாமல், பயம் வராத இரவிலும் ஓதுவதுதான் இதன் சூட்சுமம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைய மனநல மருத்துவத்திலும் கொடுங்கனவுக்கு இதையொத்த ஒரு பயிற்சி உண்டு. விழித்திருக்கையில் கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, அதன் போக்கை மாற்றி, மாற்றிய கதையைத் தினமும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். (பாட்டு ஒன்றே போதும், வைத்தியரிடம் போகாதே என்று அந்தப் பெரியவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.)

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1987இல் இந்திய அமைதிப்படையோடு வந்த தலைப்பாகைச் சிப்பாய்களைக் கனவில் கண்டு அலறும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அதனால் குருத்துவாரா வாசலில் செருப்பைக் கழற்றும்போது எனக்கும் கால் தயங்கியது. பெரியவரிடம் இதை மறைக்காமல் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தங்கள் மூலமந்திரம் இறைவனுக்குச் சூட்டும் பெயர்களில் 'நிர்பவு', 'நிர்வைர்' இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன என்றார். அச்சமற்றது, பகையற்றது. 1675இல் டில்லியில் கொல்லப்பட்ட குரு தேக் பகதூரும், யாருக்கும் அஞ்சாதிருப்பதோடு யாரையும் அஞ்சவைக்காதிருப்பதையும் சேர்த்தே ஞானம் என்றார். "நாங்க எல்லாரும் எப்பவும் அப்படி இருந்தோம்னு சொல்ல மாட்டேன் தம்பி."

நான் சீக்கியனாகவில்லை. இரவில் இன்றும் கவசம்தான் ஓதுகிறேன், பயமில்லாத இரவிலும். ஆனால் அந்தத் திருமணப் பாட்டுக்குப் பிறகு 191 பேரும் எனக்குச் சடலங்களாகத் தெரிவதில்லை. புனித வீடொன்றுக்குப் புறப்பட்டு, உற்றாரிடம் விடைபெற்று ஏறியவர்கள் அல்லவா அந்த யாத்திரிகர்கள்.

கனவு நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். டிசம்பரில் ஓரிரு முறை வருகிறது. மூடுபனியும் அதேதான், மலையும் அதேதான். இப்போது விமானத்தின் ஜன்னல்களில் வெளிச்சம் தெரிகிறது. முக்காடிட்ட கிழவி ஒருவர், அப்பாயியைப்போல, உதடசைத்துக்கொண்டிருக்கிறார். நான் கத்துவதில்லை. கூடவே ஓதுகிறேன். எந்த மொழியில் என்பதுதான் விழித்தபின் நினைவில் நிற்பதில்லை.