அழிந்துபோன எழுத்துகள்

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். சொந்த ஊர் வீட்டைக் காலி செய்தபோது, பரணிலிருந்த தகரப் பெட்டியில் அவருடைய பாட்டனாரின் மடக்குக் கத்தி ஒன்று கிடைத்ததாம். “அலகு முழுவதும் கறுத்துக் கிடக்கிறது, ஐயா. தில்லியில் நல்ல சாணைக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பளபளவென்று ஆக்கிவிடலாம்” என்றார். நான் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு, “தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள்” என்றேன். சொன்ன வேகத்தைக் கண்டு அவர் திகைத்துப் போனார். அந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. அதை இங்கே எழுதிவிடுகிறேன். நம் அன்பர்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இத்தகைய கத்திகள் கிடக்கக் கூடும் அல்லவா?

என் தந்தையார் 1956-ஆம் ஆண்டில் மத்திய அரசுப் பணியேற்றுத் தில்லிக்கு வந்தார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், சட்டைப் பையில் ஒரு பேனாக்கத்தி: அவ்வளவுதான் அவர் கொண்டுவந்த உடைமை. கத்திக்கு இரண்டு அலகுகள். பெரியது இரண்டரை அங்குலம். சிறியது ஒன்றரை அங்குலம். பிடியின் இரு பக்கமும் கடமான் கொம்பு. அதைக் கொண்டுதான் அவர் பென்சில் சீவுவார்; ஊரிலிருந்து வரும் கடிதங்களை உறை கிழியாமல் பிரிப்பார்; மார்கழிக் குளிரில், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எங்களுக்குக் கொய்யாப்பழம் நறுக்கித் தருவார். பெரிய அலகின் அடிப்புறத்தில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும், பொடி ஆங்கில எழுத்துகளும் பொறித்திருந்தன. “இது ராட்ஜர்ஸ் கத்தி, ஷெபீல்டு சரக்கு” என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் இருக்கும்.

1994-இல் அவர் மறைந்தபின் கத்தி என்னிடம் வந்தது. கூடவே ஒரு வழக்கும் வந்தது. பாட்டனார் சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கி மகனுக்குக் கொடுத்தது அது என்பது அண்ணாவின் கட்சி. இல்லை, அப்பாவே தம் முதற் சம்பளத்தில் வாங்கியது என்பது அக்காவின் கட்சி. நான் இரண்டிலும் சேரவில்லை. கத்தியை அழகுபடுத்த வேண்டும் என்பது ஒன்றே என் எண்ணமாக இருந்தது. மிதிவண்டியில் சாணைச் சக்கரம் பொருத்திக்கொண்டு தெருவில் வந்த ஒருவரை நிறுத்தி, “கண்ணாடிபோல் ஆக்கித் தாருங்கள்” என்றேன். ஐந்து நிமிடம் பொறி பறந்தது. கத்தி கண்ணாடிபோல்தான் திரும்பி வந்தது. நட்சத்திரம் இல்லை, சிலுவை இல்லை, ஓர் எழுத்தும் இல்லை. அலகில் கால் பங்கு தேய்ந்திருந்தது. நுனியில் மயிற்கழுத்துப்போல ஒரு நீலம் பாய்ந்திருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் கேட்டதை அவர் குறைவின்றிச் செய்துகொடுத்தார்.

இழந்தது இன்னதென்று அறிந்துகொள்ளவே எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. பழங்கத்திகளைத் தேடவும் படிக்கவும் தொடங்கியது அதன் பிறகுதான்.

ஷெபீல்டு இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள நகரம். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சாசர் என்ற கவிஞர் தம் கதையொன்றில் ஒருவன் ஷெபீல்டுக் கத்தி வைத்திருந்ததாகப் பாடுகிறார். அவ்வளவு பழமையான தொழில். 1624-இலேயே அங்குக் கத்தித் தொழிலாளருக்குச் சட்டப்படி ஒரு கழகம் அமைந்துவிட்டது. நட்சத்திரமும் சிலுவையும் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் அடையாளம். இந்நிறுவனம் 1822-இல் 1,822 அலகுகள் கொண்ட ஒரே கத்தியைச் செய்து உலகை வியக்க வைத்தது. அதனால் பழம் நறுக்க இயலுமா என்று கேட்கக் கூடாது! பெயர் பரவியதும் போலிகளும் பெருகின. ஆங்கிலத்தில் ‘ராட்ஜர்ஸ்’ என்னும் பெயரின் நடுவிலுள்ள ‘டி’ எழுத்தை விட்டுவிட்டு, எழுத்தறியாதவரை ஏமாற்றும் கத்திகள் பல ஊர்களில் செய்யப்பட்டன. ஆகவே முத்திரையை ஓர் எழுத்து விடாமல் படிக்க வேண்டும்.

அந்தப் பொடி எழுத்துகளில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கும். பல ராட்ஜர்ஸ் கத்திகளில் ‘மன்னருக்குக் கத்தி செய்வோர்’ என்றோ ‘அரசியாருக்குக் கத்தி செய்வோர்’ என்றோ ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். விக்டோரியா அரசியார் ஆண்டது 1837 முதல் 1901 வரை. பிறகு 1952 வரை மன்னர்களே ஆண்டனர். எங்கள் கத்தியில் ‘அரசியார்’ என்று இருந்து, கொம்பும் ஆணிகளும் பழமையைக் காட்டியிருக்குமானால், அண்ணாவின் கட்சி ஏறக்குறைய வென்றிருக்கும். தந்தையார் நூறு முறை என் கையில் கொடுத்த கத்தி அது. அந்த எழுத்துகளை ஒரு முறையேனும் நான் படித்துப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அண்ணாவும் அக்காவும் தீபாவளிக்குக் கூடினால் வழக்கு தொடர்கிறது. சாட்சியை அழித்தவன் நடுவே அமர்ந்திருக்கிறேன்.

பிடியிலிருந்த கொம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஷெபீல்டுக் கைவினைஞர் பெரிதும் விரும்பியது நம் நாட்டுக் கடமானின் கொம்பு. கெட்டியானது, உள்ளே துளை குறைவு. நம் காடுகளில் உதிர்ந்த கொம்பு கப்பலேறிச் சென்று, கத்திப் பிடியாகி, மறுபடி கப்பலேறி நம் கடைகளுக்கு வந்தது! இப்போது நம் நாட்டில் அந்த வாணிகம் இல்லை. யானைத் தந்தத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் இருப்பதால், தந்தப் பிடியிட்ட கத்தியை எவரேனும் விலைக்குக் காட்டினால் வாங்காமல் விலகிவிடுவதே நலம்.

இனி, கையில் இருக்கும் கத்தியைப் பேணும் முறைக்கு வருவோம். மடக்குக் கத்தியின் உயிர் அதன் முதுகிலுள்ள வில்லில் இருக்கிறது. எஃகுத் துண்டு ஒன்று அலகின் அடியை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’ என்று கேட்கும் ஓசை அந்த வில்லின் ஓசையே. ஓசை தெளிவாக இருந்தால் கத்தி நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். மூடும்போது மட்டும் அலகைத் தானாக அடித்து விழ விடக் கூடாது. கூர் உள்ளே வில்லில் மோதி மழுங்கும். விரலால் தாங்கி இறக்க வேண்டும்.

கறுப்பைக் கண்டு அஞ்சாதீர்கள். துருப்பிடியாத எஃகை ஷெபீல்டிலேயே ஹாரி பிரியர்லி என்பவர் 1913-இல் கண்டார். அதற்கு முந்திய கத்திகளும், பிந்தியவற்றில் பலவும் சாதாரண எஃகு. எலுமிச்சையும் மாங்காயும் பட்டுப் பட்டு அந்த எஃகு சாம்பலும் நீலமும் கலந்த கருநிறம் அடையும். அந்நிறம் அலகுக்கு ஒரு காப்பு. அதைத் துடைத்தெடுப்பது அறியாமை. சிவந்து பொடியாக உதிர்வதே துரு. துரு கண்ட இடத்தில் எண்ணெய் ஒரு துளி விட்டு ஒரு நாள் ஊறவைத்து, பழைய செப்புக் காசின் விளிம்பால் மெல்லச் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மிருதுவானது. துருவை எடுக்குமே தவிர அலகில் கீறல் போடாது. நான் பயன்படுத்துவது அம்மாவின் சுருக்குப் பையிலிருந்த ஓட்டைக் காலணா. உப்புத்தாளும் சுழலும் சக்கரமும் வேண்டவே வேண்டாம்.

திறக்க மறுக்கும் கத்தியைக் குறடு கொண்டு இழுப்பவர்கள் உண்டு. நகக்குழி உடையும், சில வேளை அலகே முறியும். மூட்டில் எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுத்திருந்தால், எனக்குத் தெரிந்து பத்தில் எட்டு கத்திகள் தாமே இணங்குகின்றன.

எந்த எண்ணெய் என்று கேட்பீர்கள். நம்மவர் கை முதலில் தேங்காயெண்ணெய்க்குத்தான் போகும். ஆனால் அது ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். தில்லிக் குளிரில் கத்தியின் மூட்டும் சேர்ந்து இறுகிப்போகும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகும். தையல் இயந்திர எண்ணெய் போதும். பழம் நறுக்கும் கத்தியானால், மருந்துக் கடையில் கிடைக்கும் திரவப் பாரபின் ஒரு துளி. கொம்புப் பிடிக்கும் கோடையில் ஒரு முறை அதைத் தடவுங்கள். வைகாசியில் இங்கு வீசும் அனற்காற்றில் கொம்பு வெடிக்கும். கத்தியைத் தண்ணீரில் மட்டும் ஊறப் போடாதீர்கள்.

கூர் தீட்டச் சாதாரணச் சாணைக்கல்லும் தண்ணீருமே போதும். அலகைக் கல்லில் படுக்க வைத்து, அதன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகை உயர்த்தி, இரு புறமும் சம எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். எஃகைக் காய்ச்சித் தோய்த்து, பின் மிதமாகச் சூடேற்றித்தான் கொல்லர் அதற்குப் பதம் ஏற்றுகிறார். சக்கரத்தில் வைத்து அழுத்தினால் மெல்லிய நுனி நொடியில் 300 பாகை வரை சூடேறி நீலம் பாய்கிறது. அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். எவ்வளவு தீட்டினாலும் அங்குக் கூர் நிற்காது. என் தந்தையாரின் கத்தியில் பென்சில் சீவினால், நுனி இரண்டாம் நாளே மழுங்குகிறது.

தோலுறையில் வைத்துப் பூட்டுவதும் தவறு. தோல் பதனிடும் சரக்குகள் எஃகில் துருவையும் பித்தளையில் களிம்பையும் உண்டாக்கும். பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே மேல். ஆமையோடு போன்ற பளபளப்புள்ள செல்லுலாயிட் பிடிகளை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். அவை முதுமையடைந்து வெளியிடும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் அரிக்கும்.

சேகரிக்கத் தொடங்குவோர் கடல் கடந்த பெயர்களையே நாட வேண்டும் என்பதில்லை. இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்குள், மொராதாபாத்தைத் தாண்டி இராம்பூர் இருக்கிறது. நவாபுகள் ஆண்ட அவ்வூரின் மடக்குக் கத்தி இந்திப் படங்களால் கெட்ட பெயரெடுத்தது. ஆனால், திறக்கும்போது கடகடவென்று பல் பல்லாக ஏறும் அதன் அமைப்பைக் கண்டவர், செய்தவர் கையை வணங்கவே செய்வர். 1990-களில் உத்தரப் பிரதேச அரசு நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுகளைத் தடை செய்தபின் தொழில் நலிந்தது. 2023-இல் அவ்வூர் நாற்சந்தியில் 20 அடி நீளக் கத்தி ஒன்றைச் சிலையாக நிறுவினார்கள். பட்டறைகள் குறைந்த ஊரில் நாற்சந்தியில் கத்தி! எனக்கு அது அவ்வளவாக மகிழ்ச்சி தரவில்லை. ஷெபீல்டிலும் இதே கதைதான். பதினான்கு வயதில் தொழிலுக்கு வந்து, முதுமையிலும் கெல்ஹம் தீவு அருங்காட்சியகத்தில் பட்டறை நடத்திய ஸ்டான் ஷா 2021-இல் மறைந்தார்.

தில்லி அன்பர்கள் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். தில்லி நிர்வாகத்தின் 1980-ஆம் ஆண்டு அறிவிப்பொன்று ஆயுதச் சட்டத்தின்கீழ் இன்றும் வழக்குகளில் எடுத்தாளப்படுகிறது. வில்விசையாலோ பொத்தானாலோ பல்லமைப்பாலோ பிற இயந்திர அமைப்பாலோ திறந்து மூடும் கத்தியின் அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டினால், உரிமமின்றி வைத்திருப்பது குற்றமாகலாம். மூன்று அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இராம்பூரில் ஆசைப்பட்டு வாங்குமுன் அளவுகோலை எடுங்கள். விமானப் பயணத்தில் கைப்பையில் பேனாக்கத்தியை மறந்து வைத்தவர்கள் அதைச் சோதனை மேடையிலேயே இழந்து வந்த கதைகள் நம் சங்கத்திலேயே பல உண்டு.

அந்த இளைஞர் மறு வாரம் கத்தியோடு என் வீட்டுக்கு வந்தார். மூட்டில் எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி, மூன்று நாள் தொடாமலிருக்கச் சொல்லி அனுப்பினேன். நேற்று இரவு தொலைபேசியில் அழைத்தார். ஓட்டைக் காலணா கிடைக்காததால் பழைய செப்புக் கம்பி ஒன்றால் சுரண்டினாராம். பூதக்கண்ணாடியும் கையுமாக அமர்ந்திருக்கிறாராம்.

“ஐயா, நட்சத்திரம் தெரிகிறது. பக்கத்தில் ஏதோ எழுத்து இருக்கிறது. இன்னும் கொஞ்சம் சுரண்டட்டுமா?”

“வேண்டாம், தம்பி. எண்ணெய் விட்டு நாளை பாருங்கள்” என்றேன்.